ஹைவேயில் மட்டும் விழுந்த மைலேஜ்: கேரியர் மாட்டிய ஓர் எர்டிகா

வண்டி எர்டிகா. 1.5 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. உரிமையாளர் திருப்பூரில் தையல் மெஷின் உதிரிப் பொருள்கள் விற்கிறார். வசூலுக்கும் சரக்குக்குமாக வாரம் இரண்டு தடவை சேலம் போய் வருவார். அவர் புகார் ஒரே வரிதான்: லிட்டருக்கு 18, 19 என்று கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, கார்த்திகை மாதத்துக்கு அப்புறம் 16-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது.

கார்த்திகையில் என்ன நடந்தது என்று கேட்டதும் பட்டியல் வந்தது. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். ஏழு பேர் போக வேண்டும், இருமுடிக்கும் பைகளுக்கும் இடம் வேண்டும் என்று கூரைமேல் இரும்புக் கேரியர் மாட்டினார். கேரியரின் முன்விளிம்பில் சரண கோஷம் எழுதிய தகரப் பலகை. பாட்டுக் கேட்க பின்னால் ஓர் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), சப்வூஃபர். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினார், கேரியரைக் கழற்றவில்லை. பலகையையும் வீணாக்குவானேன் என்று அதில் கடைப் பெயரை எழுதிவிட்டார். வாரம் 500 கிலோமீட்டர் இலவச விளம்பரம்.

நான் பார்ப்பதற்கு முன்பே வண்டி ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏறி இறங்கியிருந்தது. பிளக் நான்கும் புதிது, ஏர் ஃபில்டர் புதிது, த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், அலைன்மென்ட். மைலேஜ் நகரவில்லை. கடைசியில் அங்கே சொன்ன காரணம், “ஆம்ப் கரன்ட்டை இழுக்குது.” பங்கில் ஒருவர் சொன்னது, “எல்லாம் எத்தனால் பண்ற வேலை.” மலை ஏற்றத்தில் கிளட்ச் தேய்ந்திருக்கும் என்று சொந்தக்காரர் ஒருவர். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஆனால் இறக்கம் எங்கே விழுகிறது, நகரத்துக்குள்ளா நெடுஞ்சாலையிலா என்று யாரும் கேட்கவில்லை.

கணக்கைப் பிரித்ததும்

நல்லவேளை, மனிதர் கணக்குப் பிள்ளை ரகம். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஓடோமீட்டரைப் படம் எடுத்து, பில்லையும் சேர்த்து வைத்திருந்தார். பெரும்பாலும் ஒரே பங்க். டேங்க் ஃபுல் செய்வார், கன் தானாக நின்றதும் அதோடு நிறுத்திவிடுவார். ‘இன்னும் அம்பது ரூபாய்க்கு’ என்று அமுக்கிப் போடும் பழக்கம் இல்லை. ஒரு ஃபுல் டேங்க்கிலிருந்து அடுத்த ஃபுல் டேங்க் வரை பார்க்கும் ‘டேங்க் டு டேங்க்’ கணக்கில் பாதித் தவறு அங்கேதான் நுழைகிறது. டிஸ்ப்ளேயில் தெரியும் சராசரியை நான் ஆதாரமாக எடுப்பதில்லை. பல வண்டிகளில் அது உண்மையைவிடக் கொஞ்சம் தாராளமாகவே காட்டும்.

சேலம் போய் வந்த டேங்க்குகளைத் தனியாகவும், திருப்பூருக்குள்ளேயே ஓடித் தீர்ந்தவற்றைத் தனியாகவும் பிரித்தோம். கேரியர் மாட்டுவதற்கு முன் நெடுஞ்சாலையில் சராசரி 18.8, ஊருக்குள் 14.2. மாட்டிய பிறகு நெடுஞ்சாலையில் 16.2, ஊருக்குள் 13.8.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தால் இதன் முழு அர்த்தம் பிடிபடாது. 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட வேண்டும். நெடுஞ்சாலையில் 5.3 லிட்டர் குடித்த வண்டி இப்போது 6.2 குடிக்கிறது, ஏறக்குறைய 0.9 லிட்டர் கூடுதல். ஊருக்குள் 7.0 என்பது 7.2 ஆகியிருக்கிறது, 0.2 லிட்டர்தான் கூடுதல். ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர். நோய் வேகத்தில் மட்டும்தான் வெளியே வருகிறது.

இந்த ஒரு தகவலை வைத்தே சந்தேகப் பட்டியலில் முக்கால்வாசியைக் கிழித்துப் போடலாம்.

ஆம்ப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். மின்சாரம் நேரத்துக்குச் செலவாவது, தூரத்துக்கு அல்ல. 100 வாட் இழுக்கும் பொருள், வண்டி ஊர்ந்தாலும் பறந்தாலும் அதே 100 வாட்தான் இழுக்கும். 100 கிலோமீட்டர் ஓட நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகிறது. திருப்பூர் டிராஃபிக்கில் அதே தூரத்துக்கு நான்கு மணி நேரம் ஆகும். ஆகவே மின்சாரம்தான் காரணம் என்றால் ஊருக்குள் அடி பலமாகவும் நெடுஞ்சாலையில் லேசாகவும் விழ வேண்டும். இங்கே தலைகீழாக இருக்கிறது. கிளாம்ப் மீட்டரை வைத்தும் பார்த்தேன், அவர் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் 5, 6 ஆம்பியர்தான் ஓடியது. ஆம்ப் குற்றவாளி இல்லை.

ஆனால் ஆம்ப்பின் எர்த் ஒயரை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே நேராக முடுக்கியிருந்தார்கள். அந்த முனையில் கரன்ட் சென்சார் வைத்த கார்களில் இது கூடாத வேலை. ஒயர் சென்சாரைத் தாண்டிப் போய்விடுவதால் பேட்டரியில் உண்மையில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குப் பிசகாகத் தெரியும். சிக்னலில் இன்ஜின் தானாக அணையும் வசதி வேலை செய்யாமல் போவதற்கு இதுவே ஒரு காரணம் ஆகலாம். ஒயரைக் கழற்றி பாடியில் ஒரு நல்ல போல்ட்டில் மாற்றினோம். நம் விசாரணைக்குச் சம்பந்தமில்லாத வேலைதான், பார்த்துவிட்டு விட மனமில்லை.

அடுத்து எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கணக்குப்படி, 10 சதவீதக் கலப்பிலிருந்து 20 சதவீதத்துக்குப் போனால் லிட்டருக்கு மூன்றரை சதவீதம் ஆற்றல் குறையும். அது உண்மையான இழப்பு, மறுக்கவில்லை. ஆனால் அது ஊருக்குள்ளும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைக்கும். அதோடு இவர் கேரியர் மாட்டியது 2025 கார்த்திகையில். அதற்கு முந்தைய மாதங்களிலேயே பங்குகளில் வந்துகொண்டிருந்தது இ20, அதாவது 20 சதவீதக் கலப்புதான். 18.8 கொடுத்ததும் அதே பெட்ரோல்தான், 16.2 கொடுத்ததும் அதே பெட்ரோல்தான். ஏசியைச் சொல்வதற்கும் வழியில்லை. மார்கழி, தை மாதங்களில் ஏசி கம்மியாகத்தான் ஓடும், அந்த வகையில் மைலேஜ் கொஞ்சம் கூடியிருக்க வேண்டும்.

கை வைத்துப் பார்த்தவை

வேகத்தில் மட்டும் கூடுவதால் கணக்கு காற்று எதிர்ப்பைக் கைகாட்டினாலும், வேறு எதையும் பார்க்காமல் தீர்ப்பு எழுத முடியாது. டயர் காற்று நான்கிலும் குறைவாக இருந்தது, சராசரியாக 3 பிஎஸ்ஐ. அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு, சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது. அப்படியானால் இதற்கு உரிய பங்கு அரை சதவீதம் போல. கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்படி காற்றை நிரப்பி ஒரு சேலம் பயணம் விட்டோம். குறிப்பிட்டுச் சொல்லும்படி மாற்றம் இல்லை.

பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா? ஓர் ஓட்டம் ஓட்டி, பிரேக் அழுத்தாமல் மெல்ல நிறுத்தி, நான்கு வீல்களின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்த்தோம். இடது வலது வித்தியாசம் இல்லை. ஜாக்கி போட்டுச் சுற்றினால் வீல் தாராளமாகச் சுற்றியது. இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் கூலன்ட் சூடு வழக்கமான அளவில் நின்றது, தெர்மோஸ்டாட் சரி. பெட்ரோல் அளவில் இன்ஜின் தானே செய்துகொள்ளும் திருத்தம், அதாவது நீண்ட கால ஃப்யூயல் டிரிம், 3 சதவீதத்துக்குள் இருந்தது. அதாவது இன்ஜெக்டர், சென்சார் பக்கம் பழுதை ஈடுகட்ட வேண்டிய நிலை இன்ஜினுக்கு இல்லை. ஐந்தாவது கியரில் 60-இல் இருந்து முழுதாக மிதித்தால் ஆர்பிஎம் தனியாக எகிறவில்லை, வேகத்தோடு சேர்ந்தே ஏறியது. கிளட்ச்சும் தப்பித்தது. டயர் அளவு மாற்றவில்லை, ஜிபிஎஸ்ஸோடு ஓடோமீட்டர் ஒத்துப் போனது.

மிச்சம் கேரியர்தான். அதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

“வெறும் கம்பிதானுங்ணா. ஒரு சின்னப் பையன் ஏறி உக்காந்தா வர்ற வெயிட்கூட வராதுங்க.”

“எடை இல்லீங்க தம்பி, காத்து.”

பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கூரைமேல் எதை வைத்தாலும் அதன் பாரத்தைத்தான் மனது எடை போடுகிறது. அந்தக் கேரியர் 15 கிலோ சொச்சம் இருக்கும். 45 கிலோ கூடுதல் எடைக்கே மைலேஜ் ஒரு சதவீதம்தான் குறையும் என்கிறது அதே எரிசக்தித் துறை. எடையைப் பிடித்துக்கொண்டு போனால் 14 சதவீத இறக்கத்துக்கு வழியே கிடையாது.

கம்பியும் பலகையும்

டேப் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினோம். குறுக்கே ஏழு உருட்டுக் குழாய்கள், ஒவ்வொன்றும் ஓர் அங்குலத் தடிமன், 1.1 மீட்டர் நீளம். முன்னால் பலகை 3 அடி அகலம், 8 அங்குல உயரம். பலகையைச் சாய்த்துக்கூட வைக்கவில்லை, எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று நட்டக் குத்தலாக நிறுத்தியிருந்தார்கள்.

காற்றை எதிர்க்கும் அளவை, முன்பக்கப் பரப்போடு வடிவத்துக்கான ஓர் எண்ணைப் பெருக்கிச் சொல்வார்கள். இன்றைய கார்களுக்கு அந்த எண் 0.3 அருகில். இந்த மாதிரி வண்டியின் முன்பரப்பு இரண்டரைச் சதுர மீட்டர் என்று வைத்தால், மொத்தம் 0.8 சதுர மீட்டர் போல வரும். உருட்டுக் குழாய்க்கு அந்த எண் 1-க்கு மேல், தட்டைப் பலகைக்கும் 1-க்கு மேல். அதாவது ஒரு சாண் பலகை, அதே பரப்புள்ள காரின் உடலைப்போல மூன்று நான்கு மடங்கு காற்றைத் தடுக்கிறது. பலகையின் பரப்பு 0.19 சதுர மீட்டர். குழாய்கள் எல்லாம் சேர்ந்தும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் பின்னால் இருப்பவை முன்குழாயின் மறைவில் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் கழித்துக் கூட்டினால் கூடுதல் எதிர்ப்பு 0.25-க்கும் 0.3-க்கும் நடுவே நிற்கிறது. 0.8 உள்ள வண்டிக்கு அது மூன்றில் ஒரு பங்கு. போதாததற்குப் பலகை நின்ற இடம் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு. கண்ணாடிமேல் ஏறி வரும் காற்று கூரையைத் தொடும் இடத்தில் காரின் வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓடும். எந்த இடத்தில் வைக்கக் கூடாதோ அங்கேயே வைத்திருந்தார்கள்.

எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது என்பதால்தான் ஊருக்குள் இது தெரியவில்லை. 35 கி.மீ. வேகத்தில் காற்று எதிர்ப்பு டயர் உருளும் எதிர்ப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதில் மூன்றில் ஒரு பங்கு கூடினாலும் என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது? 95-இல் காற்று எதிர்ப்பு டயர் எதிர்ப்பைப்போல இரண்டு மடங்கு. அங்கே கூடும்போது பர்ஸில் தெரியும். கூரைமேல் மாட்டும் பெரிய பெட்டிகளுக்கு அமெரிக்கர்கள் அளந்து வைத்திருக்கும் கணக்கும் இப்படியே போகிறது: ஊருக்குள் 2 முதல் 8 சதவீத இழப்பு, நெடுஞ்சாலையில் 6 முதல் 17, மணிக்கு 105-இல் இருந்து 120 கி.மீ. வரையிலான வேகத்தில் 10 முதல் 25.

இன்னொரு சாட்சி காதுக்கே கேட்டுக்கொண்டிருந்தது. 80-ஐத் தாண்டினால் கூரையில் ஓர் ஊங்காரம். “அதனாலதானுங்க சவுண்டக் கூட்டி வெக்கிறேன்” என்றார். உருட்டுக் குழாயைக் கடக்கும் காற்று மேலும் கீழும் மாறி மாறிச் சுழித்துக் கிளம்பும், அந்தச் சுழிப்புதான் ஒலி. ஓர் அங்குலக் குழாய்க்கு 90 கி.மீ. வேகத்தில் அது விநாடிக்கு 200 அதிர்வு சுமாருக்கு வரும், அடித்தொண்டை முனகல் போல. குழாயைச் சுற்றிக் கயிறு சுருட்டினால் ஊங்காரம் அடங்கும் என்று ஒரு வைத்தியம் உண்டு. அடங்கும், நிஜம்தான். ஆனால் காற்று எதிர்ப்பு குறையாது, கயிற்றின் தடிமனும் சேர்ந்து கூடத்தான் செய்யும்.

உருளவிட்டுப் பார்த்தது

பெட்ரோல் கணக்கு முடிவு சொல்ல வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் போக்குவரத்து, வெயில், ஓட்டுநரின் அவசரம் எல்லாம் கலந்துவிடும். உடனே பதில் கிடைக்க ஒரு வழி, வண்டியை உருளவிடுவது. சமமான, ஆளில்லாத சாலையில் 90-ஐத் தாண்டி ஏற்றி, நியூட்ரல் போட்டு, 90-இல் இருந்து 60 வரை இறங்க எத்தனை விநாடி என்று பார்ப்பது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அணைத்தால் பிரேக் பூஸ்டருக்கும் ஸ்டியரிங்குக்கும் உதவி போய்விடும். ஓட்டுகிறவர் வேறு, நேரம் பார்க்கிறவர் வேறு. பின்னால் வண்டி வரும் சாலையில் இந்த வேலையே வேண்டாம்.

இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத சரிவே விடையை மாற்றிவிடும். எங்கள் பக்கத்தில் காற்று வேறு இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றில் இந்தச் சோதனையைச் செய்தால் எண்கள் எதற்கும் உதவாது. உடுமலைப் பக்கம் காற்றாலை நட்டிருப்பது சும்மாவா? நாங்கள் செய்தது மாசி மாத விடியற்காலை. மரத்தில் இலை அசையவில்லை.

கேரியரும் பலகையுமாக 90-இல் இருந்து 60-க்கு இறங்க 25 விநாடி. பலகையை மட்டும் கழற்றினோம், நான்கு நட்டுதான். இப்போது 28-ஐ நெருங்கியது. கேரியரையும் இறக்கிவிட்டு ஓட்டினால் 30. இன்ஜின் வண்டியை இழுக்காத சோதனை இது. பிளக், இன்ஜெக்டர், பெட்ரோல், கிளட்ச் எதற்கும் இதில் பங்கில்லை. டயரும் ரோடும் மாறவில்லை. மாறியது கூரை மட்டும்.

25-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தபிறகு அவர் எதிர்த்துப் பேசவில்லை. விளம்பரத்துக்கு என்ன வழி என்றுதான் கேட்டார்.

அப்புறம்

பலகை இல்லாமல் கேரியரோடு மட்டும் கொஞ்ச நாள் ஓட்டச் சொன்னேன், எதற்கு எவ்வளவு பங்கு என்று பெட்ரோல் கணக்கிலும் தெரிய வேண்டும் அல்லவா. நெடுஞ்சாலை சராசரி 17.5 வந்தது. பிறகு கேரியரையும் கழற்றினார், 18.7 ஆனது. ஏழு குழாயும் ஒரு பலகையும் ஏறக்குறைய சமபாதியாகத் திருடியிருக்கின்றன. ஊருக்குள் 14.1. பழைய எண்களுக்கும் இவற்றுக்கும் உள்ள 0.1 வித்தியாசத்தை நான் துரத்தப் போவதில்லை. டேங்க் டு டேங்க் கணக்கு அவ்வளவு நுணுக்கமானது கிடையாது.

காசாகப் பார்த்தால் மாதம் 2,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஓட்டம். 16.2 வீதம் 123 லிட்டர், 18.7 வீதம் 107 லிட்டர். 16 லிட்டர் மிச்சம். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,600 ரூபாய்க்கு மேல். இலவசம் என்று அவர் நினைத்த விளம்பரத்துக்கு இதில் சரிபாதி வாடகை போய்க்கொண்டிருந்தது. இப்போது கடைப் பெயர் பின்கதவில் ஸ்டிக்கராக இருக்கிறது. பின்னால் சிக்னலில் நிற்பவர்கள் நிதானமாகப் படிக்கலாம், பலகையைப் படித்தவர்கள் எதிரே பறந்துபோனவர்கள்.

கேரியரைக் கழற்றியதில் ஒரு சின்னச் சேதம் தெரிந்தது. கிளாம்ப்புக்கு அடியில் ரப்பர் வைக்காமல் முடுக்கியதால் நான்கு இடத்தில் பெயின்ட் சுரண்டி, ஒன்றில் துரு ஆரம்பித்திருந்தது. தேய்த்து, பிரைமர் அடித்து டச்சப் செய்தாயிற்று.

அடுத்த கார்த்திகைக்கு மறுபடி மாட்டத்தான் போகிறார், ஏழு பேரை வைத்துக்கொண்டு வேறு வழியில்லை. உருட்டுக் குழாய்க்குப் பதிலாக விமான இறக்கை வடிவத்தில் அலுமினியக் குறுக்குக் கம்பிகள் கிடைக்கின்றன, எதிர்ப்பு வெகுவாகக் குறைவு. ஆலன் கீ கொண்டு கால் மணி நேரத்தில் கழற்றும் மாதிரி வாங்கச் சொல்லியிருக்கிறேன். கழற்றச் சிரமம் என்பதுதான் பாதிக் கேரியர்கள் தை, மாசி தாண்டியும் கூரைமேலேயே கிடக்கக் காரணம். பைகளைக் குவியலாக ஏற்றாமல் தாழ்வாகப் பரப்பி, தார்ப்பாயை இறுக்கிக் கட்டச் சொன்னேன். படபடவென்று அடிக்கும் தார்ப்பாய் கேரியரைவிட மோசம்.

கேரியர் மாட்டிய நாட்களில் 95-க்குப் பதில் 80-இல் ஓட்டினால் போதும் என்றும் சொன்னேன். கேரியரும் பலகையுமாக 80-இல் வரும் காற்று எதிர்ப்பு, வெறும் கூரையோடு 95-இல் வருவதைவிடச் சற்றுக் குறைவுதான். சேலம் வரை 120 கிலோமீட்டருக்கு 14 நிமிடம் கூட ஆகும். “பதினாலு நிமிஷமாங்ணா” என்று யோசித்தார். “மலைக்குப் போறப்ப ஓட்டிக்கலாங்க. வசூலுக்குப் போறப்ப முடியாதுங்க.”